வெள்ளிக்கிழமை படகு ஓடாது

என் அம்மாவுக்கு எந்த விலையைச் சொன்னாலும் அதைப் ‘பேர்’ கணக்கில் போட்டுப் பார்த்தால்தான் மனதில் பதியும். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் முழுதாக வேலை செய்தால் ஒரு பேர். பறித்த கொழுந்து நிறையில் குறைந்தால் அரைப்பேர். இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கத்தில் முப்பத்திரண்டு வருடம் கூடை சுமந்தவர். வேலையை விட்டு ஆறு வருடமாகியும் கணக்கை மட்டும் விடவில்லை. சம்பளம் ஏறும்போதெல்லாம் தன் அளவுகோலையும் திருத்திக்கொள்வார். நாங்கள் பயணம் போன 2025 பெப்ரவரியில் ஒரு பேர் என்றால் 1,350 ரூபாய்.

முந்தைய தீபாவளிக்கு என் மாமா மகன் லீவில் வந்திருந்தான். மாலைதீவில் ஒரு ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. கடல் மேல் கால் ஊன்றி நிற்கும் மர அறைகளின் படங்களை அம்மாவிடம் காட்டி, “ஓர் இரவுக்கு 900 டொலர், அத்தை” என்றான். டொலரை 300 ரூபாய் என்று வைத்து நான் தட்டிப் பார்த்துச் சொன்னேன்: சரியாக இருநூறு பேர்.

“எட்டு மாதக் கொழுந்து. ஒரு ராத்திரி தூங்குவதற்கா?” என்றார் அம்மா. பிறகு, அந்த அறையில் படுப்பவர்களுக்குத் தூக்கமாவது வருகிறதா என்று கேட்டார்.

“நீங்கள் வந்தால் அங்கே தங்க வேண்டாம். ஊர்த் தீவில் தங்குங்கள். லீவு நாளில் நானே அங்கேதான் போகிறேன்” என்றான் அவன். பேச்சு அங்கே தொடங்கியது. சீட்டுப் பணம் ஜனவரியில் கைக்கு வந்தபோது அது பயணமாகிவிட்டது.

மாலைதீவு என்றால் நம்மில் பலருக்கும் அந்த மர அறைதான் நினைவுக்கு வருகிறது. அதில் தவறில்லை. 1972இல் முதல் ரிசார்ட் திறந்ததிலிருந்து அந்நாட்டின் சுற்றுலா பெரும்பாலும் ஆளில்லாத் தீவுகளை வைத்தே நடந்தது. ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். ஏறக்குறைய 1,200 தீவுகளில் மக்கள் வாழ்வது சுமார் இருநூற்றில்தான். அந்த இருநூறும் வெளிநாட்டவர் தங்குவதற்கு நெடுங்காலம் எளிதில் திறக்கவில்லை. 2008இல் மொஹமட் நஷீட் ஜனாதிபதியான பிறகு விதிகள் தளர்ந்து, 2010 வாக்கில்தான் ஊர்த் தீவுகளில் சின்னச் சின்ன விடுதிகள் முளைத்தன. பள்ளிவாசல், பாடசாலை, சில்லறைக் கடை, படகுத்துறை, உலரும் துணிகள் என்று மனிதர்கள் குடியிருக்கும் தீவுகள் அவை.

இந்தப் பாகுபாடு எங்களுக்குப் புதிதல்ல. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியிருந்த பழைய துரை பங்களாக்களில் சில இன்று உலகப் பணக்காரர்கள் தங்கும் விடுதிகள். என் பெரியப்பா அப்படியொரு பங்களாவில் அப்புவாக, அதாவது சமையற்காரராக இருந்தவர். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும் அம்மா பின்வாசலோடு திரும்பிவிடுவார். முன்வாசல் எந்தத் திசை என்றே தெரியாது என்பார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கும் பங்களாவுக்கும் நடுவே அரைமைல் தூரம்தான், ஆனால் மாலைதீவில் அந்த அரைமைல் கடலாக இருக்கிறது.

ஹட்டன் நகரத்தில் எனக்கு ஒரு போட்டோ பிரதிக் கடை. விண்ணப்பம் நிரப்புவது, கடிதம் தட்டச்சு செய்வது, டிக்கெட் அச்சிடுவது எல்லாம் உண்டு. டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவத்தில் வெளிநாட்டு இளைஞர்கள் முதுகுப் பையோடு வந்து நிற்பார்கள். மலையடிவாரத்து நல்லதண்ணியில் மலிவான அறை பிடித்துவிட்ட பெருமை முகத்தில் தெரியும். அடுத்த நிமிடம் முச்சக்கர வண்டிக்காரர் அந்த அறை வாடகையையே விழுங்கும் தொகையைக் கேட்பார். மஸ்கெலியா வழியாகப் போகும் பஸ்ஸின் நேரத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பது என் வழக்கம். அறையில் மிச்சம் பிடித்துப் பாதையில் கொட்டிவிடுகிறார்களே என்று பல வருடங்கள் பரிதாபப்பட்டிருக்கிறேன். அதே தவறை நானும் செய்தேன்; அதை முறைப்படி சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தாள் வேலை. அம்மாவுக்குக் கடவுச்சீட்டு இல்லை. தோட்டப் பகுதிகளில் பிறந்தவர்களுக்கு இது சாதாரண வேலையன்று என்பது என் கடைக்கு வருகிறவர்களைப் பார்த்தே எனக்குத் தெரியும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறோர் எழுத்து, தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கங்காணி எழுதிவைத்த ஏதோ ஒன்று. அம்மாவின் பெயரில் இரண்டு எழுத்து வித்தியாசம் இருந்தது. அதைத் திருத்தவே மூன்று மாதம் போயிற்று. ஆகவே, பெற்றோரை அழைத்துப் போக நினைப்பவர்கள் டிக்கெட் விலையைப் பார்க்கும் முன் அந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்த குடியுரிமை முழுமையாகத் திரும்பி வராமலே, நாடற்றவராகவே கண்ணை மூடியவர் என் தாத்தா. கடவுச்சீட்டு வந்த அன்று அம்மா அதை அவர் படத்தின் முன்னால் இரண்டு நாள் வைத்திருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை.

விசாவுக்கு அலைச்சல் இல்லை. மாலைதீவில் இறங்கும்போதே 30 நாள் அனுமதி இலவசமாகக் கிடைக்கிறது. திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடப் பதிவும் கையில் இருக்க வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ என்ற அரசுத் தளத்தில் பயண அறிவிப்பை நிரப்ப வேண்டும். அதற்கும் கட்டணம் இல்லை. காசு கேட்கும் தளம் வந்தால் அது வேறு யாரோவுடைய கடை. எல்லாவற்றையும் நான் மூன்று மூன்று பிரதி எடுத்துக்கொண்டேன். மனைவி சிரித்தாள். நம் பக்கத்து விமான நிலையக் கவுண்டரில் ஓர் அதிகாரி என்னிடம் “வேலைக்கா போகிறீர்கள்?” என்று மூன்று முறை கேட்டபோது அந்தப் பிரதிகள்தான் பேசின. மலையகத்து முகவரியோடு மாலைதீவு போகிறவன் சுற்றிப் பார்க்கப் போகிறான் என்று நம்புவது அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

நாள் குறிப்பதுதான் பெரிய வேலையாகிவிட்டது. தைப்பூசம் பெப்ரவரி 11. அதற்கு முன் அம்மா அசையமாட்டார். மகா சிவராத்திரி 26. அதற்குள் வீட்டில் இருக்க வேண்டும். மார்ச் தொடக்கத்தில் ரமழான் நோன்பு தொடங்குகிறது. அந்த மாதத்தில் ஊர்த் தீவுகளில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும் என்று மச்சான் எச்சரித்திருந்தான். எஞ்சியது பெப்ரவரி 17, திங்கள் முதல் 21, வெள்ளி வரை. காலநிலைக்கு அது நல்ல நேரம்தான். வடகீழ்ப் பருவக்காற்றின் பின்பகுதி, கடல் அமைதியாக இருக்கும் காலம். அதனாலேயே விலையும் உச்சத்தில் நிற்கும் காலம்.

அடுத்தது பெட்டி. வழிபாட்டுச் சிலைகளை அந்நாட்டுக்குள் கொண்டுபோக முடியாது. மதுவும் பன்றி இறைச்சியும் அப்படியே. அம்மா எங்கே போனாலும் கைப்பையில் விரலளவு பித்தளைப் பிள்ளையார் ஒன்று கூடவே போகும். மச்சான் தொலைபேசியில் சொன்னபோது அம்மாவின் முகம் சுருங்கியது. பிறகு பிள்ளையாரை அரிசிப் பானைக்குள் வைத்து, “ஐந்து நாள் வீட்டைப் பார்த்துக்கொள்” என்று சொல்லிவிட்டு, திருநீற்றை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டார்.

ஹட்டனில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பஸ் ஏறியவர்கள் கட்டுநாயக்க விமான நிலையத்தில் அதைக் கழற்றினோம். கொழும்பிலிருந்து மாலைதீவின் தலைநகர் மாலேக்கு ஒன்றரை மணி நேரம்தான் பறக்க வேண்டும். அங்கே நம்மைவிட அரை மணி நேரம் பின்னால் என்பதால் கடிகாரத்தில் ஒரு மணி நேரமே கழிந்திருக்கும். வெலானா விமான நிலையம் ஒரு தனித் தீவில் இருக்கிறது. கதவைத் தாண்டி வெளியே வந்தால் எதிரே தெருவுக்குப் பதிலாகப் படகுத்துறை. அம்மா அங்கேயே நின்றுவிட்டார். “பஸ் ஸ்டாண்டுக்குப் பதிலாகக் கடலை வைத்திருக்கிறார்களே.”

அந்தத் துறையில்தான் முதல் சோதனை. விரைவுப் படகுக்காரர்கள் அங்கேயே காத்திருப்பார்கள். ஆளுக்கு இருபது டொலரும் அதற்கு மேலும் ஆகும். அரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடுவார்கள். அரசுப் படகு என்றால் ஆளுக்கு இரண்டு மூன்று டொலர்தான். ஆனால் அதற்கு முதலில் மாலே நகரத்துக்குப் போய், டாக்சி பிடித்து நகரத்தின் மறுமுனையிலுள்ள வில்லிங்கிலி துறைக்குப் போக வேண்டும். எங்கள் படகு பிற்பகல் 3 மணிக்கு. அதைத் தவறவிட்டால் மாலேயிலோ ஹுல்ஹுமாலேயிலோ ஓர் இரவு அறை எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஓர் அறையிலேயே கரைந்துவிடும். ஆகவே விமான டிக்கெட்டை வாங்கும் முன் படகு அட்டவணையைப் பாருங்கள். முற்பகலில் இறங்கும் விமானம் ஐந்தாறாயிரம் ரூபாய் அதிகமாக இருந்தாலும் அதுதான் மலிவு. நாங்கள் போகும்போது இதைச் சரியாகச் செய்தோம்.

அந்த அரசுப் படகைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெதுவாகப் போகும் நீண்ட படகு. இரண்டு பக்கமும் இருக்கைகள், நடுவில் மனிதர்களைவிட அதிகமாகச் சாமான்கள். முட்டை அடுக்கிய அட்டைகள், பால்மா டின்கள், ஒரு மெத்தை, புதிய கழிவறைப் பீங்கான் ஒன்று, கறிவேப்பிலைக் கட்டு. எனக்கு முன்னால் இருந்த பெண் மடியில் கேக் பெட்டியை வைத்துக்கொண்டு ஒன்றேகால் மணி நேரமும் அசையாமல் அமர்ந்திருந்தாள். டீசல் வாடை, அலை மேல் விழுந்து எழும்போது எல்லோருடைய தலையும் ஒரே பக்கம் சாய்வது, யாரோ ஒரு முதியவர் யாருடைய குழந்தையையோ வாங்கி மடியில் வைத்துக்கொள்வது. சம்பள நாளில் ஹட்டனிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பும் கடைசி பஸ் இப்படித்தான் இருக்கும். அம்மா அதுவரை என் கையைப் பிடித்திருந்தார். பீங்கானைப் பார்த்ததும் விட்டுவிட்டார். “கக்கூஸ் கட்டுகிறார்கள் போல” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கால்நீட்டி உட்கார்ந்தார்.

மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுக்காதவர்களுக்குக் கடலிலும் வராது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதை நம்ப வேண்டாம். கினிகத்தேனை வளைவுகளில் தூங்கிக்கொண்டே வரும் என் மனைவிக்கு அரை மணி நேரத்தில் முகம் வெளுத்துவிட்டது. குளிசையைப் படகு ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு அது உதவாது. இருக்கையும் முன்பக்கம் வேண்டாம். பின்பக்கம் ஆட்டம் குறைவு.

மாஃபுஷித் தீவுக்குப் போகாமல் அதற்கு முன்னால் வரும் குல்ஹித் தீவில் இறங்கினோம். ஊர்த் தீவுச் சுற்றுலாவில் முதலில் பேர்போனது மாஃபுஷிதான். அங்கே விடுதிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. இடையில் ஒரு நாள் எட்டிப் பார்த்தபோது எனக்கு நம் நாட்டுச் சுற்றுலா ஊரான எல்ல நகரம் நினைவுக்கு வந்தது: ஊர்க்காரர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அறை விலைகளில் போட்டி இருப்பதும் சுற்றிப் பார்க்கும் படகுகள் நிறைய ஓடுவதும் மாஃபுஷியின் பலம். முதல் தடவை தனியாகப் போகும் இளைஞர்களுக்கு அதுவே வசதி. குல்ஹி மிகச் சிறியது, ஆற அமர நடந்தாலும் அரை மணி நேரத்துக்குள் சுற்றி வந்துவிடலாம். கரையில் படகு கட்டும் தளம் ஒன்று இருக்கிறது. பகலெல்லாம் இழைப்புளிச் சத்தமும் இரும்பு தேய்க்கும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருக்கும். தொழிற்சாலைச் சங்கு கேட்டு வளர்ந்த எங்களுக்கு அது இடைஞ்சலாகத் தோன்றவில்லை. அமைதி தேடிப் போகிறவர்களுக்குத் தோன்றும்.

விடுதி என்றால் வீட்டுக்காரர் கீழே குடியிருந்து மேலே ஐந்து அறை கட்டி வாடகைக்கு விட்டது. மூவர் படுக்கும் அறை ஓர் இரவுக்கு 50 டொலர் என்று பதிவுத் தளம் காட்டியது. இந்த 50ஐ நம்பிக் கணக்குப் போடக் கூடாது. நான்கு இரவுக்கு 200. அதன் மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணம், 220. அதன் மேல் 16 சதவீதச் சுற்றுலா வரி, 255 டொலர் 20 சதம். அதற்கு மேல் பசுமை வரி. சிறு விடுதிகளுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 டொலராக இருந்த அந்த வரி 2025 ஜனவரியிலிருந்து 6 டொலராகிவிட்டது. மூவருக்கு நான்கு நாளைக்கு 72. மொத்தம் 327 டொலர் 20 சதம். ஐம்பது டொலர் அறை எண்பத்திரண்டு டொலர் அறையாகிவிட்டது. நாங்கள் வந்த பிறகு ஜூலையில் சுற்றுலா வரியும் 17 சதவீதமாக ஏறிவிட்டது. பதிவு செய்யும்போதே ‘எல்லா வரியும் சேர்த்து எவ்வளவு’ என்று விடுதிக்காரரிடம் எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள். நான் கேட்டிருந்தேன். பக்கத்து அறைக் குடும்பம் கேட்கவில்லை. கடைசி நாள் காலை அவர்கள் அறையில் குரல் உயர்ந்தது எங்களுக்குக் கேட்டது.

சாப்பாட்டுக்கு அவ்வளவு செலவாகவில்லை. ஊர்க்காரர் சாப்பிடும் இடத்தைச் ‘சாய் ஹோட்டா’ என்பார்கள். மாலையில் கண்ணாடிப் பெட்டி நிறைய மீன் உருண்டை, முக்கோணப் பஜியா, உள்ளே மீன் வைத்துச் சுட்ட ரொட்டி. ‘களு சாய்’ என்று கேட்டால் பால் இல்லாத தேநீர் வரும். களு என்றால் சிங்களத்திலும் கறுப்புத்தானே. அவர்களுடைய திவேஹி மொழி சிங்களத்துக்குச் சகோதரி. ஏக்கே, தேய், தினே, ஹதரே என்று கடைக்காரர் எண்ணும்போது, சிங்களம் தெரிந்த நமக்கு யாரோ தூரத்து உறவினர் பேசுவது போல இருக்கும். டொலரை எங்கும் வாங்குவார்கள். ஆனால் வங்கிக் கணக்கில் அந்நாட்டு நாணயத்தில் 15.42 ருஃபியா பெறும் டொலரைச் சிறு கடைகளில் 15 என்று உருட்டிவிடுவார்கள், மீதியும் ருஃபியாவில்தான் வரும். வந்த முதல் நாளே கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டால் தேநீருக்கெல்லாம் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

மொழி நெருக்கம் ஒரு நாள் என் காலை வாரிவிட்டது. செவ்வாய்க்கிழமை அம்மா சைவம். வீட்டுக்கார அம்மாவிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தையும் கையையும் கலந்து “மஸ் எபா” என்றேன். சிங்களத்தில் மஸ் என்றால் இறைச்சி. திவேஹியில் மஸ் என்றால் மீன். இறைச்சி வேண்டாம் என்று நான் சொன்னது அவர் காதில் மீன் வேண்டாம் என்று விழுந்தது. மீன் வேண்டாம் என்று சொல்லும் மனிதரை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை போலும். அம்மாவின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தார்.

மறுநாள் காலை அம்மா அவருடைய சமையலறையிலேயே போய் உட்கார்ந்துவிட்டார். விடுதியில் தங்கிய மற்றவர்கள் யாரும் உள்ளே வந்ததில்லை என்று வீட்டுக்காரரின் மகள் சொன்னாள். அந்த அம்மாள் துருவுகட்டையில் அமர்ந்து தேங்காய் துருவினார். ஒரு கிண்ணத்தில் வெங்காயத்தையும் கொச்சிக்காயையும் மெல்லியதாக அரிந்து, உப்பும் எலுமிச்சைச் சாறும் விட்டு, விரலால் பிசைந்தார். வெங்காயம் கசிந்து நிறம் மாறும் வரை பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம்தான் மீனை உதிர்த்துப் போட்டார், எல்லாவற்றுக்கும் கடைசியில் தேங்காய்ப்பூ. ‘மஸ் ஹுனி’ என்றார். பக்கத்தில் கல்லில் மெல்லிய ரொட்டி வெந்துகொண்டிருந்தது. அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “தம்பி, இது நம்முடைய ரொட்டியும் மாசிச் சம்பலும். இதற்கு விமானம் ஏறியா வந்தோம்?” சொல்லிவிட்டு இரண்டாவது ரொட்டியை எடுத்தார். லயத்தில் வருடக்கணக்காக இடித்த மாசிக் கருவாடு இந்த ஊர்க் கடலிலிருந்து வந்தது என்பது அதுவரை அவருக்குத் தெரியாது. காரமான கட்டச் சம்பலுக்கு அவர்கள் சொல்லும் பெயரும் சிங்களத்து ‘லுனுமிரிஸ்’ போலவே ‘லொனுமிருஸ்’ என்று கேட்டதும் சிரித்துவிட்டார். அன்று மாலை பெட்டியிலிருந்த அரைக்கிலோ டிக்கோயாத் தேயிலை அந்தச் சமையலறைக்குப் போய்விட்டது. யாருக்காவது கொடுக்கலாம் என்று கொண்டுபோனதுதான். அன்பளிப்பாகக் கொடுக்க நம் பக்கத்துத் தேயிலையைவிட எடை குறைந்த, மதிப்புக் கூடிய பொருள் வேறில்லை.

கடலில் இறங்குவது பற்றி. ஊர்த் தீவுகளில் ‘பிகினி கடற்கரை’ என்று ஒரு பகுதியை மறைப்புக் கட்டி ஒதுக்கியிருப்பார்கள். நீச்சல் உடை அங்கே மட்டும்தான். மற்ற இடங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஊர்ப் பெண்கள் முழு உடையோடுதான் குளிக்கிறார்கள். இது நம் வீட்டுப் பெண்களுக்குப் பெரிய நிம்மதி என்பதை நான் அங்கே போய்த்தான் உணர்ந்தேன். அம்மா ஹவுஸ்கோட்டோடு இடுப்பளவு நீரில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் பர்தாவோடு இரண்டு பெண்கள் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ரிசார்ட்டில் அம்மா தண்ணீரைத் தொட்டிருக்கவே மாட்டார்.

நமக்கு நீந்தத் தெரியாது. ஆற்றில் குளித்தவர்கள்கூடக் கடலில் அடி தெரியாமல் போனால் பதறிவிடுவோம். பவளப்பாறை பார்க்கும் படகில் மனைவியும் நானும் போனபோது உயிர்காப்பு அங்கியைக் கழற்றவே இல்லை. பக்கத்தில் ஒரு வழிகாட்டி மிதவை வளையத்தோடு வந்தார். படகு ஏறும் முன்பே “நீந்தத் தெரியாது” என்று வெட்கப்படாமல் சொன்னதால் கிடைத்த வசதி அது. முகக்கண்ணாடிக்குள் முகத்தை வைத்து முதல் முறை கீழே பார்த்தபோது நான் மூச்சு விட மறந்து உப்புத் தண்ணீரைக் குடித்தேன். நீல வாலோடு ஒரு மீன் பாறையைக் கடித்துக்கொண்டிருந்தது, அந்தச் சத்தம் தண்ணீருக்குள் எனக்குக் கேட்டது. மொறுமொறுவென்று, முறுக்குத் தின்பது போல. ஆளுக்கு 20 டொலர். செலவழித்ததில் எனக்கு வருத்தமே இல்லாத பணம் அது.

மறந்தது வெயிலை. பனிமூட்டத்தில் வளர்ந்த தோல் பூமத்தியரேகைப் பக்கத்து வெயிலை அறியாது. குப்புற மிதந்த ஒரு மணி நேரத்தில் என் பின்கழுத்தும் கெண்டைக்கால்களும் வெந்துவிட்டன. இரண்டு இரவு மல்லாந்து படுக்க முடியவில்லை. கைநீளச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டுத் தண்ணீரில் இறங்குங்கள். பாறை ஓரத்தில் வெறுங்காலோடு நடக்காதீர்கள், பவளம் கீறிய காயம் எளிதில் ஆறாது. அழகாக இருக்கிறதே என்று சிப்பியோ பவளத் துண்டோ எடுத்துப் பையில் போடவும் கூடாது. பவளத்தை வெளியே கொண்டுபோகச் சட்டம் இடம்தரவில்லை.

இனி என் தவறு. திரும்பும் விமானத்தை வெள்ளிக்கிழமை மாலைக்கு எடுத்திருந்தேன். சனிக்கிழமையைவிட ஆளுக்கு 3,500 ரூபாய் குறைவு. மூவருக்கு 10,500 மிச்சம் என்று வீட்டில் பெருமையடித்தேன். வெள்ளிக்கிழமை வீடு வந்து சேர்வது நல்லது என்று அம்மாவும் தலையாட்டினார். வியாழன் இரவு வீட்டுக்காரரிடம், நாளைக்குப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். வெள்ளிக்கிழமை அங்கே வார விடுமுறை, ஜும்ஆ நாள். அரசுப் படகு ஓடாது. கடையும் பாதி நாள் திறக்காது. போகும் வழியின் அட்டவணையை அச்சிட்டு மூன்று பிரதி எடுத்த நான் திரும்பும் வழியைப் பார்க்கவே இல்லை.

விரைவுப் படகு ஆளுக்கு 20 டொலர். மூவருக்கு 18,000 ரூபாய். அரசுப் படகில் போயிருந்தால் சுமார் 2,100. கூடுதலாகப் போனது 15,900. மிச்சம் பிடித்த 10,500ஐக் கழித்தால் நிகர நட்டம் 5,400. அம்மா அலைகளுக்கு நடுவே, காதை அடைக்கும் இயந்திரச் சத்தத்தில், என் காதருகே குனிந்து சொன்னார்: “நாலு பேர்.”

வீட்டுக்கு வந்து மொத்தக் கணக்கைப் போட்டேன். விமானம், பஸ், அறை, சாப்பாடு, படகு எல்லாம் சேர்த்து மூவருக்கு மூன்று இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஏறக்குறைய 250 பேர். இது சிறிய தொகை என்று எந்தத் தோட்டத்துக் குடும்பத்திடமும் நான் சொல்லமாட்டேன். மச்சானின் ரிசார்ட்டில் ஓர் இரவு அறைக்கே 200 என்பதை மட்டும் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அவன் வியாழக்கிழமை மாலை எங்களைப் பார்க்க வந்திருந்தான். கரையில் கயிற்று வலை பின்னிய இரும்புச் சட்ட இருக்கைகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். ‘ஜோலி’ என்கிறார்கள். உட்கார்ந்தால் தொட்டில் போல உள்வாங்கிக்கொள்ளும். எழுந்திருக்க ஒருவர் கை கொடுக்க வேண்டும். அம்மாவும் அவனும் அடுத்தடுத்து இரண்டு ஜோலிகளில் அமிழ்ந்து கிடந்தார்கள். எதிரே தூரத்தில் ஒரு ரிசார்ட்டின் விளக்குகள் ஒரு கோடாகத் தெரிந்தன. அங்கே யாராவது உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களா என்று அம்மா கேட்டார். சட்டையில் பெயர்ப் பட்டி இருக்கிறது, அத்தை, அதனால் கூப்பிடுவார்கள் என்றான். இருவரும் வேறெதுவும் பேசவில்லை. பாங்கு சொல்லும் நேரமானதும் கடைக்காரர் எங்களிடம் காசை வாங்காமலே கதவைச் சாத்திவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வரும் வரை காத்திருந்து கொடுத்தோம்.

இப்போது ஏப்ரல் விடுமுறையில் நெடுந்தீவு போகலாம் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. கடவுச்சீட்டும் வேண்டாம், டொலரும் வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் குறிகட்டுவானுக்குப் போய் அங்கிருந்து படகு, ஒரு மணி நேரக் கடல். காட்டுக் குதிரைகள், பவளக்கல் மதில்கள், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு என்று நான் கடையில் அச்சிட்ட படங்களை அம்மாவிடம் விரித்துக் காட்டினேன். குதிரைப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்:

“அங்கே வெள்ளிக்கிழமை படகு ஓடுமா?”